பெண் கூண்டுகள்

ஜனவரி 22, திங்கள்

பால் மறந்த பெண் எலிக்குட்டிகளை இன்று தனிக் கூண்டுகளுக்கு மாற்றினோம். அவற்றில் பாதியை ஒவ்வொன்றாகப் பிடரியில் பிடித்து, மெல்லிய குழாய் வழியாக வாயில் ஒரு துளி விட வேண்டும். ஆண் எலிகளின் குடலிலிருந்து எடுத்துக் கலக்கிய நீர் அது. மதியத்துக்குள் கையுறைக்குள் விரல்கள் ஊறிப்போய்விட்டன.

சென்னையில் எங்கள் ஆய்வு நிறுவனத்தின் விலங்குக்கூடத்தில் இருக்கும் இந்த வெள்ளைச் சுண்டெலிகளுக்கு யாரும் எதுவும் செய்யாமலேயே சர்க்கரை நோய் வரும். பத்துப் பெண் எலிகளில் ஏழெட்டுக்கு வந்துவிடும். ஆண்களில் இரண்டுக்கு வந்தாலே அதிகம். மற்ற எலி இனங்கள் பலவற்றில் இது தலைகீழ். அங்கே ஆணுக்குத்தான் எளிதில் ஏறும், பெண் தாக்குப்பிடிக்கும். இந்த இனத்தில் ஆணைக் காப்பாற்றுவது எது, அதைப் பெண்ணுக்குக் கொடுத்தால் அவளும் தப்புவாளா என்பதுதான் டாக்டர் ரெஹானாவின் ஆய்வு. வாரம் ஒருமுறை வால் நுனியில் ஊசியால் குத்திச் சர்க்கரை பார்ப்பது என் வேலை. நோய் உறுதியானால் அந்த எலியை முடித்துவிடுவதும் என் வேலைதான்.

மாலை வீட்டுக்கு வந்தபோது தரகர் போன் செய்திருந்தார். வேலூர் வரன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். பெண்ணுக்கு ஊசி போடும் நோய் என்றதும் பின்வாங்கும் மூன்றாவது வீடு.

என் மகள் சிந்துஜாவுக்குச் சர்க்கரை நோய் பதின்மூன்று வயதில் வந்தது. உடம்பில் இன்சுலின் சுரப்பதே நின்றுபோகும் வகை. சாப்பாட்டுக்கு முன் மூன்று ஊசி, படுக்கும் முன் ஒன்று. இப்போது வயது இருபத்து நான்கு. வங்கி வேலைக்குப் போகிறாள், ஸ்கூட்டர் ஓட்டுகிறாள். அவளைப் பார்த்தால் யாருக்கும் தெரியாது.

"இனிமே யார்கிட்டயும் சொல்லாத மங்கை" என்றார் என் கணவர். "கல்யாணம் முடியட்டும். ஆறு மாசம் போனப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்."

நான் எழுந்து சமையலறைக்குப் போனேன். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய வேண்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஈரோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் நவநீதன் ஜவுளி ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்குப் பார்க்கிறார். அதிகம் பேசவில்லை. அம்மா கலாமணி எல்லோருக்கும் சேர்த்துப் பேசினார்.

காபி கொடுத்தபோது பையனின் அப்பா கையை உயர்த்தினார். "எனக்கு சக்கரை இல்லாம குடுங்கம்மா. பத்து வருசமா சுகருங்க."

இவர் முகம் மலர்ந்துவிட்டது. "அட, நம்ம கட்சி! எனக்கும் பன்னெண்டு வருஷமா இருக்கு. நீங்க என்ன மாத்திரை போடறீங்க?"

இருவரும் சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டைகளை எடுத்து ஒப்பிட்டார்கள். வெறும் வயிற்றில் எவ்வளவு, சாப்பிட்டபின் எவ்வளவு என்று சொல்லிச் சிரித்தார்கள். "சம்பந்திங்க ரெண்டு பேரும் அதுக்குள்ள ஒட்டிக்கிட்டாங்க பாருங்க" என்றார் கலாமணி.

அந்த நேரத்தில்தான் சிந்து கேசரித் தட்டோடு வந்தாள். கலாமணி அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, "நீயும் ஒரு வாய் சாப்பிடு கண்ணு" என்று ஊட்டிவிட்டார். ஒரு வாய் மூன்று வாயானது. சிந்து என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் திரையைச் சரிசெய்யப் போனேன்.

அவர்கள் கிளம்பியதும் சமையலறையில் நின்றபடி ஊசி போட்டுக்கொண்டாள். "பாவம்மா அந்த அத்தை, நல்லவங்களாத் தெரியறாங்க" என்றாள்.

பிப்ரவரி 5

பிடித்திருக்கிறதாம். நேற்று காரில் ஏறும்போதே முடிவு செய்துவிட்டார்களாம்.

பிப்ரவரி 20, செவ்வாய்

டாக்டர் ரெஹானாவுக்குப் பழம், பாக்கு வைத்து நிச்சயத்துக்கு அழைத்தேன். என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். சிந்துவின் நோயைப் பற்றி நிறுவனத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும்.

"மாப்பிள்ளை வீட்ல சொல்லிட்டீங்கதானே மேடம்?"

"சொல்லிட்டோம் டாக்டர்."

"ரொம்ப நல்ல மனுஷங்க போல. சந்தோஷம்."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. கூண்டு கழுவும் இயந்திரம் மறுபடி மக்கர் செய்கிறது. கையால் கழுவினோம்.

மே 21, செவ்வாய்

திருமணம் ஞாயிற்றுக்கிழமை நல்லபடியாக முடிந்தது. நேற்று சிந்துவை ஈரோட்டில் விட்டுவிட்டு வந்தோம். வீடு பெரிது, மாடியில் தனி அறை. ஒரே சங்கடம், குளிர்சாதனப் பெட்டி கூடத்தில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. யார் திறந்தாலும் எல்லோருக்கும் தெரியும். ஈரோட்டு வெயிலில் இன்சுலின் வெளியே இருந்தால் கெட்டுவிடும். நனைத்து வைத்தால் குளிர்ச்சியாக இருக்கும் பை ஒன்று வாங்கிக் கொடுத்திருக்கிறேன். பீரோவில் பட்டுப் புடவைகளுக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். புடவையில் ஈரம் படாமல் பிளாஸ்டிக் தாள் விரித்துக் காட்டினேன்.

கிளம்பும்போது கையைப் பிடித்துக்கொண்டாள். "அவர்கிட்ட எப்போம்மா சொல்றது?"

"கொஞ்ச நாள் போகட்டும்."

ஒப்பிட்டுப் பார்க்க அந்த நீர் கொடுக்காமல் விட்ட பெண் எலிகளில் பாதிக்கு மேல் சர்க்கரை வந்துவிட்டது. ஆண்களின் குடல்நீர் கொடுத்தவை இன்னும் சுத்தமாக இருக்கின்றன. ஒன்றுக்குக்கூட வரவில்லை. டாக்டர் ரெஹானா வரைபடத்தை இரண்டு முறை காட்டினார். என்றாவது ஒருநாள் மனிதர்களுக்கும் இப்படி ஒரு தடுப்பு வரும் என்று நினைத்துக்கொண்டே பேருந்தில் வந்தேன்.

ஜூன் 12, புதன்

சிந்து பேசினாள். நன்றாக இருக்கிறாளாம். வேலையை விட்டது மட்டும் வருத்தமாம். சர்க்கரை எவ்வளவு என்று கேட்டேன், பக்கத்தில் அத்தை இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள்.

இன்று மூன்று பெண் எலிகளை முடித்தோம். மூன்றும் குடல்நீர் கொடுக்காதவை. இரண்டு வாரமாகவே எடை இறங்கிக்கொண்டிருந்தது. காலையில் போட்ட மரத்தூள் மாலைக்குள் சொதசொதவென்று நனைந்துவிடும். குடித்துக்கொண்டே இருக்கும், பெய்துகொண்டே இருக்கும். புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அதைத்தான் சொல்லிக் கொடுத்தேன். மீட்டர் பார்ப்பதற்கு முன்பே கூண்டைத் தொட்டுப் பார், தெரிந்துவிடும் என்று.

ஜூலை 20, சனி

ஆடிக்கு சிந்துவை அழைத்து வந்திருக்கிறோம். நன்றாக இளைத்து, முகவெட்டு எடுப்பாகியிருக்கிறது. எதிர்வீட்டு மல்லிகா, "கல்யாணத்துக்கப்புறம் எல்லாரும் குண்டாவாங்க, உன் பொண்ணு சினிமாக்காரி மாதிரி ஆயிட்டா" என்றாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. மாமியார் வீட்டில் வேலை இருக்கும், ஓடியாடினால் இளைக்கத்தானே செய்யும்.

தண்ணீர்ப் பாட்டிலைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறாள். இந்த வருடம் வெயில் இன்னும் குறையவில்லை.

அவள் பெட்டியில் துணி எடுத்து வைக்கும்போது மே மாதம் வாங்கிக் கொடுத்த இன்சுலின் பேனாக்கள் கண்ணில் பட்டன. நிறைய இருந்தன. நான் எண்ணவில்லை.

ஜூலை 24, புதன்

காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். "அங்க ஒழுங்காப் போட்டுக்கறியா?"

"சாப்பிடறதுக்கு முன்னாடி எங்கம்மா போடறது? எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடுவாங்க. அத்தை இலை போட்டுட்டுக் கூப்பிடறப்போ மாடிக்குப் போய்ட்டு வரேன்னா, என்ன எதுன்னு கேப்பாங்க. ஒருநாள் போலாம், தினமும் போக முடியுமா? ராத்திரி போடற ஒண்ணு மட்டும் விடறதில்ல."

"மத்தது?"

"முடிஞ்சப்போ."

கத்தி கையில் வழுக்கியது. காயம் இல்லை.

"நான் அவர்கிட்ட சொல்லிடறேன்மா. கோவிச்சுக்குவார், ரெண்டு நாள் பேச மாட்டார். அவ்ளோதானே? எனக்குப் பயந்து பயந்து முடியல."

இவர் கூடத்திலிருந்து கேட்டுவிட்டார். "ரெண்டு மாசத்துல சொன்னா ஏமாத்திட்டாங்கன்னு அனுப்பிடுவாங்க. ஊரே சிரிக்கும்" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் பேசுவேன் என்று எதிர்பார்த்தாள் போலிருக்கிறது.

"அப்பா சொல்றதும் சரிதான் சிந்து. ஒரு குழந்தைன்னு ஆயிட்டா யாரும் அனுப்ப மாட்டாங்க" என்றேன்.

அதன் பிறகு அவள் எதுவும் கேட்கவில்லை. அவரைக்காய் முற்றல். பாதியைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நவநீதன் வந்து அழைத்துப் போனார். இங்கே இருந்த நாட்களில் என் கண் முன்னால் நான்கு வேளையும் போட்டுக்கொண்டாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. "அம்மா வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கிச்சு போல" என்றார் மாப்பிள்ளை. நல்ல பிள்ளை. ரயில் கிளம்பும்வரை அவளுடைய பையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றார்.

செப்டம்பர் 23, திங்கள்

சிந்து உண்டாகியிருக்கிறாள்! காலையில் கலாமணியே பேசினார். "இனி நீங்க கவலையே படாதீங்க சம்பந்திம்மா, எங்கூட்டு மகாலட்சுமியை நாங்க பாத்துக்கறோமுங்க."

இவர் தெருவெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கு வேறொரு நிம்மதியும் வந்தது. கர்ப்பத்தில் சர்க்கரை ஏறுவது எத்தனையோ பெண்களுக்கு நடக்கிறது. ரத்தப் பரிசோதனையில் தெரிந்தால், குழந்தை உண்டானதால் வந்தது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். டாக்டரே ஊசி எழுதிக் கொடுப்பார். பிறகு கூடத்தில் உட்கார்ந்தே போட்டுக்கொள்ளலாம். யாரும் யாரையும் ஏமாற்றியதாக ஆகாது.

சிந்துவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"பரிசோதனைக்கு எப்போ போறீங்க?" என்று கேட்டேன்.

"தீபாவளி கழிச்சுப் போலாம்னு சொல்றாங்க. அத்தைக்கு அதுக்கு முன்னாடி நாள் சரியில்லையாம்."

"அதுவரைக்கும் எப்படியாவது சமாளி. ஒரு வேளைகூட விடாத."

"சரிம்மா."

அக்டோபர் 9, புதன்

குடல்நீர் கொடுத்த பெண் எலிகளில் நான்குக்கு இன்று சர்க்கரை. போன வாரமே சந்தேகம் இருந்தது, ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். டாக்டர் ரெஹானா மீட்டரை மாற்றச் சொன்னார். மாற்றியும் அதேதான். அடுத்த வரிசைக் கூண்டுகளையும் நான் தொட்டுப் பார்த்தேன். ஈரம்.

"நோயைத் தள்ளித்தான் போட்டிருக்கோம் மேடம். தடுக்கல" என்றார். வெகுநேரம் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஆண் எலிகள் தம் கூண்டுகளில் கொழுகொழுவென்று ஓடிக்கொண்டிருந்தன.

அக்டோபர் 16, புதன்

சிந்துவுக்கு மசக்கை ஆரம்பித்துவிட்டது. எதைச் சாப்பிட்டாலும் வாந்தியாம். எனக்கும் அவளைச் சுமந்தபோது அப்படித்தான் இருந்தது. குரல் களைத்திருந்தது, மூச்சு வாங்கியது. மாடிப்படி ஏறி வந்திருப்பாள்.

"சாப்பாடே இறங்கலம்மா, அப்புறம் எதுக்குப் போடறதுன்னு ரெண்டு நாளா ராத்திரி ஊசியையும் விட்டுட்டேன். சுகர் லோ ஆயிடுமோன்னு பயமா இருக்கு."

அதை விடக் கூடாது என்று சொன்னேன். சொன்னேன். அழுத்திச் சொன்னேனா என்று இப்போது யோசிக்கிறேன். அதற்குள் கலாமணி போனை வாங்கிவிட்டார். "வாந்தி எல்லாப் புள்ளைக்கும் இருக்கறதுதானுங்க. எலுமிச்சை ஊறுகாய் குடுத்திருக்கேன்."

ஊறுகாய்க்கு நானும் இங்கே நார்த்தங்காய் வாங்கி வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 18, வெள்ளி

ரயிலில் எழுதுகிறேன். இவர் எதிரில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். தூங்கவில்லை.

காலையில் எலிகளுக்கு எடை போட்டுக்கொண்டிருந்தபோது கலாமணி பேசினார். "ரொம்பச் சோந்து போச்சுங்க புள்ள. பக்கத்து நர்சிங் ஹோம்ல சேத்திருக்கோம். பயப்படாதீங்க, நேத்திருந்து குளுக்கோஸ் பாட்டில் ஏத்தறாங்க. மூணாவது பாட்டில் போகுது. இன்னும் ரெண்டு ஏத்துனா தெம்பாயிருமுங்க."

தராசில் இருந்த எலி குதித்து ஓடிவிட்டது.

"அதை நிறுத்தச் சொல்லுங்க" என்றேன். "குளுக்கோஸ் வேண்டாம். உடனே நிறுத்தச் சொல்லுங்க."

"ஏனுங்க?"

டாக்டர் ரெஹானா கதவருகே நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு... அவளுக்கு அது ஒத்துக்காதுங்க."

"டாக்டருக்குத் தெரியாதுங்களா சம்பந்திம்மா? நீங்க பதறாம வாங்க."

வைத்துவிட்டார். டாக்டர் ரெஹானா என் கையிலிருந்து போனை வாங்கினார். "அவங்களுக்குத் தெரியாதா? சொல்லலையா நீங்க? இப்பவே கூப்பிட்டுச் சொல்லுங்க மேடம். எனக்கு நம்பர் குடுங்க, நான் சொல்றேன்."

நேரில் போய்ச் சொல்லிக்கொள்கிறேன் என்றேன். இதெல்லாம் போனில் சொல்லக்கூடிய விஷயமா? அவர் ஏதோ கத்தினார். நான் பையை எடுத்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

சேலம் தாண்டிவிட்டது. நர்சிங் ஹோம் பெயர்கூட எனக்குத் தெரியாது என்று இவரிடம் சொன்னேன். இவர் கண்ணைத் திறக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

கோயம்புத்தூர். பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம்.

வெள்ளி மாலை ஈரோட்டு நர்சிங் ஹோமுக்கு நாங்கள் போனபோது சிந்துவுக்கு நினைவு பாதிதான் இருந்தது. நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட மூச்சுவிட்டாள். குனிந்து நெற்றியில் முத்தமிட்டபோது, மூச்சில் அழுகிய பழத்தின் வாடை. தலைமாட்டில் பாட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். அப்போதுதான் வேலை மாற்றி வந்திருந்தாள். வாடையை அவளும் உணர்ந்துவிட்டாள். விரலில் குத்திப் பார்த்துவிட்டு எங்களிடம் வந்தாள். "இவங்களுக்கு முன்னாடியே சுகர் இருக்கா?"

கலாமணி, அவர் கணவர், நவநீதன், எல்லோரும் நின்றிருந்தார்கள்.

"இல்லம்மா" என்றார் இவர். "இப்ப கர்ப்பத்துல வந்திருக்கும்."

நான் வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என் முகத்தை விடாமல் பார்த்தாள். "அம்மா, நீங்க சொல்லுங்க."

"பதிமூணு வயசுலருந்து" என்றேன். "இன்சுலின் போடறவ. தினமும் நாலு வேளை."

கலாமணி கையில் இருந்த பிளாஸ்கை மெல்லக் கீழே வைத்தார். அந்த டாக்டர் ஓடினாள், பாட்டிலை நிறுத்தினாள், ஆம்புலன்சுக்குக் கத்தினாள்.

குழந்தை நேற்று காலை போய்விட்டது. சிந்து இன்னும் கண் திறக்கவில்லை.

அக்டோபர் 31, வியாழன்

தலை தீபாவளி. சிந்து கண் விழித்துவிட்டாள், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வாங்கிய வேட்டி சட்டை சென்னையில் பீரோவில் இருக்கிறது. அவர் பத்து நாளாக இங்கே வராண்டாவில்தான் படுக்கிறார். என்னிடம் பேசுவதில்லை. கலாமணி ஒருமுறை வந்து கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

நவம்பர் 18, திங்கள்

சிந்துவோடு சென்னைக்கு வந்து ஒரு வாரம் ஆகிறது. இன்று வேலைக்குப் போனேன். குடல்நீர் கொடுத்த கூண்டுகள் காலியாக இருந்தன. நான் இல்லாதபோது அந்தப் புதுப் பெண்ணே முடித்திருக்கிறாள். டாக்டர் ரெஹானா என்னை உட்காரச் சொன்னார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எலிகள்ல ஏன் பெண்ணுக்கு மட்டும் அதிகம்னு தேடிட்டிருக்கேன்" என்றார். "மனுஷங்கள்ல இந்த நோய் ஆண், பெண் ரெண்டு பேருக்கும் ஏறக்குறைய சமமாத்தான் வருது. உங்களுக்கே தெரியும்."

தெரியும் என்றேன். நான் போய்க் கூண்டுகளைக் கழுவினேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

நவநீதன் வந்தார். சிந்துவின் நகைகள், துணிகள், பட்டுப் புடவைகள், எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தார். அவள் அறையில் அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார். அழுகைச் சத்தம் கேட்டது. யாருடையது என்று தெரியவில்லை.

வெளியே வந்ததும் இவர் எழுந்து நின்று, "மாப்பிள்ளை, நாங்க செஞ்சது தப்புதான். சொல்லியிருந்தா நீங்க கட்டியிருக்க மாட்டீங்கன்னுதான்..." என்றார்.

நவநீதன் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "கட்டியிருப்பேனான்னு கேக்காதீங்க மாமா. எனக்கே தெரியாதுங்க. ஆனா பாட்டில் ஏத்த விட்டிருக்க மாட்டேன்."

பிறகு என்னைப் பார்த்தார். மருத்துவமனையில் பேசாத அத்தனையும் அந்தப் பார்வையில் இருந்தது. "அன்னிக்குக் காலைல எங்கம்மா உங்களுக்குப் போன் பண்ணுனாங்க. நான் பக்கத்துலதானுங்க நின்னேன். எங்கிட்ட குடுக்கச் சொல்லி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்க அத்தை."

இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். அவர் காபியைத் தொட்டிருக்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

சிந்து மறுபடி வேலை தேடுகிறாள். பெங்களூரில் ஒரு நேர்காணல் இருக்கிறது. போனால் விடுதியில்தான் தங்குவாளாம்.

சாப்பாட்டு நேரத்தில் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்கிறாள். குழாயை முழுதாகத் திறந்துவிடுகிறாள். மீட்டரின் பீப் சத்தம் வெளியே கேட்காமல் இருக்க ஈரோட்டில் பழகிக்கொண்டாளாம். இவர்தான் எரிச்சலோடு, "தண்ணி வீணாப் போகுது, நம்ம வீட்ல எதுக்கு அதெல்லாம்?" என்றார். பழகிவிட்டது அப்பா என்றாள்.

இன்று கதவுக்கு வெளியே நின்றேன். தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறெதுவும் கேட்கவில்லை. போட்டாளா, போடவில்லையா, வெறுமனே நின்றுகொண்டிருக்கிறாளா, எதுவும் தெரியவில்லை. நேற்று அவள் தலையணை உறையை மாற்றும்போது கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு தெரிந்தது.

தாழ் திறந்தது. கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"எவ்வளவு இருந்துச்சு சிந்து?"

"நார்மல்தாம்மா."

"காட்டேன் பாக்கலாம்."

"மீட்டர்ல அழிஞ்சிடுச்சு" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் கேசரித் தட்டோடு நின்று சிரித்த அந்த அழகான சிரிப்பு அல்ல. எந்த மாமியாரும் நம்பிவிடக்கூடிய, பழகிய, சுத்தமான சிரிப்பு.

சரி என்றேன். நம்பியதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, தோசைக்கல்லை அடுப்பில் ஏற்றினேன்.